பொங்கல் விடுமுறைக்கு ஓர் ஊர்

போன மாதம் அறக்கட்டளை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் என்னைப் பார்க்கக் குன்றத்தூருக்கு வந்தார்கள். நான் பார்த்த வேலையை இப்போது பார்க்கிறவர்கள். குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்து, பதினெட்டு வயது முடிந்து வெளியே வருகிற பிள்ளைகளைக் கல்லூரியில் சேர்த்து, விடுதி பார்த்துக் கொடுத்து, பட்டம் வாங்கும்வரை கூட நிற்கிற வேலை. தண்டலம் பக்கம் ஒரு கல்லூரியில் அவர்களுடைய மாணவி ஒருத்தியை வகுப்பில் ‘ஹோம்’ என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுகிறார்களாம். அவள் படிப்பையே விட்டுவிடுகிறேன் என்று நிற்கிறாளாம். நீங்கள் பிள்ளைகளுக்குச் சொந்த ஊர் என்று ஒன்றைச் சொல்லிக்கொடுப்பீர்கள் என்று கேள்விப்பட்டோம், அதை எங்களுக்கும் கற்றுக்கொடுங்கள் என்றார்கள்.

மாட்டேன் என்றேன். ஏன் என்று கேட்டார்கள். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். அன்று சொல்லாத பதிலைத்தான் இப்போது எழுதுகிறேன்.

நான் சமூகப்பணி படித்தவன். படித்து முடித்ததும் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பெர்சனல் டிபார்ட்மென்ட்டில் சேர்ந்து பல வருடம் இருந்தேன். காண்ட்ராக்டர்கள் அனுப்புகிற ஆட்களைப் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு. ஊருக்குப் போனவருடைய அடையாள அட்டையைப் போட்டுக்கொண்டு வேறொருவர் கேட்டில் நுழைவது எனக்குத் தெரியும். வேலை நின்றுவிடக் கூடாதே என்று, முகத்தைப் பார்க்காமல் அட்டையை மட்டும் பார்க்கப் பழகியிருந்தேன். இதை இங்கே சொல்லக் காரணம் இருக்கிறது. பின்னால் நடந்ததற்கு, எனக்கு விவரம் தெரியாது என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

அந்த வேலை அலுத்துப்போய் அறக்கட்டளைக்கு வந்தேன். அங்கே செயலாளர் விமலா மேடம். அரசுப் பள்ளியில் தலைமை ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. நாம் பேச ஆரம்பித்தால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிடுவார். குறுக்கே ஒரு வார்த்தை பேசமாட்டார். எல்லாம் சொல்லி முடித்ததும், “நீங்க கண்ணால பாத்தீங்களா?” என்று ஒரே ஒரு கேள்வி. போனில் பேசினேன் மேடம் என்றால், கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு வேறு வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிடுவார். போய்ப் பார்த்துவிட்டு வா என்று அதற்கு அர்த்தம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து இரண்டு பஸ் மாறி ஒரு பையனைப் பார்த்துவிட்டு வந்து, நன்றாக இருக்கிறான் மேடம் என்று சொன்னால், “எளச்சிருக்கானா?” என்பார். அதற்கும் பதில் வேண்டும்.

அந்த வேலையில் பயம்தான் நிரந்தரம். எங்கள் பிள்ளைகள் எல்லாருக்கும் கல்லூரியில் ‘பெற்றோர் எண்’ என்று என்னுடைய போன் நம்பர்தான் இருக்கும். காலையில் வருகைப்பதிவு முடிந்ததும், வராதவர்களைப் பற்றிக் கல்லூரிகளிலிருந்து குறுஞ்செய்தி வரும். மற்ற மாணவன் ஒருநாள் வரவில்லை என்றால் காய்ச்சலாக இருக்கும், சினிமாவுக்குப் போயிருப்பான். எங்கள் பிள்ளை வரவில்லை என்றால் ஒரகடம் தொழிற்பேட்டையில் ஏதாவது காண்ட்ராக்டரின் வேனில் ஏறியிருப்பான். தீபாவளிக்கு ஊருக்குப் போகணும் என்று லீவு கேட்காத, அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று நிற்காத, அடிபட்டால் கேட்க ஆள் வராத பிள்ளைகளை அந்தக் காண்ட்ராக்டர்களுக்கு ரொம்பப் பிடிக்கும். இப்படிப்பட்ட பிள்ளைகள் எங்கே கிடைப்பார்கள் என்று விசாரித்தே வைத்திருப்பார்கள்.

கல்லூரிக்குள்ளே வேறு பயம். முதல் வாரத்தில் எல்லாரும் எல்லாரையும் கேட்கிற கேள்வி, உனக்கு எந்த ஊர் என்பதுதான். அடுத்தது, அப்பா என்ன பண்றார். இந்த இரண்டு கேள்வியில் உடைந்து, ஒரு மாதத்தில் திரும்பி வந்த பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் ஊர் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன்.

அதை ஏனோதானோ என்று செய்யவில்லை. வகுப்பில் வேறு யாருக்கும் அந்த ஊராக இருக்கக் கூடாது. ரொம்பத் தூரமாகவும் இருக்கக் கூடாது, பேச்சு காட்டிக்கொடுத்துவிடும். செய்யாறு, ஆற்காடு, உத்திரமேரூர் மாதிரி ஊர்கள் தோது. கல்லூரி திறப்பதற்கு முன்னால் அந்தப் பிள்ளையைப் பஸ்ஸில் அந்த ஊருக்கே கூட்டிக்கொண்டு போவேன். பஸ் நிலையத்தில் டீ குடிப்போம். கோயில், பள்ளிக்கூடம், சந்தை எல்லாம் நடந்தே பார்ப்போம். ஒரு தெருவைக் காட்டி, இதுதான் உன் தெரு என்பேன். அப்பா இல்லை என்று சொன்னால் அதோடு விட்டுவிடுவார்கள், சித்தப்பா வளர்க்கிறார் என்று சொல் என்பேன். பெற்றோர் கூட்டத்துக்கு அந்தச் சித்தப்பாவாக நானே போவேன். ஒரே கல்லூரியில் ஒருத்திக்குச் சித்தப்பாவாகவும் இன்னொருவனுக்குத் தாய்மாமனாகவும் போய், துறைத்தலைவர் ஒருவர் என்னை ஏற இறங்கப் பார்த்ததும் உண்டு.

ஆற்காடு கொடுத்த பையன் ஒருவனிடம், ஒவ்வொரு விடுமுறைக்கும் நண்பர்கள் அந்த ஊர் இனிப்பான மக்கன்பேடா கேட்டு உயிரை எடுத்தார்கள். அவன் என்னிடம் வந்து நின்றான். நான் ஆற்காட்டுக்குப் போய் வாங்கி வந்து கொடுத்தேன். பெருமையாகக்கூட இருந்தது.

கடைசியாக எல்லாருக்கும் ஒரு பாடம் எடுப்பேன். எங்கே போகிறாய் என்று யாராவது கேட்டால், யார் வீட்டுக்கு என்று பேரைச் சொல், எந்த பஸ் என்று சொல், என்றைக்குத் திரும்பி வருவாய் என்று சொல். மூன்றையும் படபடவென்று சொல்லிவிட்டால் யாரும் மேலே கேட்கமாட்டார்கள். கேட்கிறவர்களுக்கு அதற்குமேல் அக்கறை இருக்காது.

விமலா மேடத்துக்கு இது பிடிக்காது. “இருக்கிறத இருக்கிறபடி சொல்லட்டுமே சார்” என்பார். வகுப்பில் உட்காரப்போவது நீங்களா அவர்களா என்று நான் சண்டைக்குப் போவேன். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொள்வார்.

இனி தேன்மொழி. யார், எவர் என்று தெரியாமல் நான்கு வயதில் இல்லத்துக்கு வந்தவள். பி.காம். சேர்ந்தபோது அவளுக்கு நான் கொடுத்த ஊர் வந்தவாசி. கூட்டிக்கொண்டு போன அன்று பஸ் நிலையத்தில் டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, “சார், என் சொந்த ஊர்ல டீ சுத்தமா நல்லால்ல” என்றாள். திரும்புகிற வழி முழுக்க, எங்க ஊர்ல வெயில் ஜாஸ்தி, எங்க ஊர்ல ரோடு மோசம் என்று சொல்லிக்கொண்டே வந்து பக்கத்து சீட்டுக்காரரையே நம்ப வைத்துவிட்டாள். என்னிடம் படித்ததில் அவள்தான் கெட்டிக்காரி.

பொங்கலுக்கு விடுதியைப் பூட்டிவிடுவார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு அதுதான் கண்டம். வளர்ந்த இல்லத்திலும் தங்க முடியாது. வயது வந்தவர்களைச் சிறு பிள்ளைகளோடு தங்கவிடக் கூடாது என்று விதி. அதனால் விடுமுறைக்கு இவர்களை வைத்துக்கொள்கிற சில குடும்பங்களைப் பிடித்து வைத்திருந்தோம். தேன்மொழியை வழக்கமாக வைத்துக்கொள்கிற வீட்டில், அவள் இரண்டாம் ஆண்டு படித்த வருடம், மகள் பிரசவத்துக்கு வந்திருந்தாள். இந்தத் தடவை வேண்டாம் சார் என்று கடைசி நேரத்தில் சொல்லிவிட்டார்கள். நான் இரண்டு மூன்று வீடுகளில் கேட்டுப் பார்த்தேன். அமையவில்லை. போகிக்கு முந்தின நாள் தயங்கித் தயங்கி அவளுக்குப் போன் செய்தேன்.

“அதெல்லாம் பிரச்சனையே இல்ல சார். ஜெயந்தி வூட்டுக்குப் போறேன், உத்திரமேரூர். காஞ்சிபுரம் போய் பஸ் மாறிக்குவேன். காணும் பொங்கல் முடிச்சிக்கினு மறுநாள் காலைல விடுதிக்கு வந்துடுவேன்.”

ஜெயந்தி அவளோடு படிக்கிறவள், இல்லத்து விஷயமெல்லாம் தெரிந்த தோழி. பேர், பஸ், திரும்புகிற நாள். மூன்றும் வரிசையாக இருந்தன. என்னுடைய பாடம் எனக்குத் தெரியாதா? ஒரு நொடி மனசுக்குள் ஏதோ தட்டியது. ஜெயந்தியின் அம்மாவிடம் போனைக் கொடு என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. இன்னொரு வீட்டு வாசலில் போய் நிற்க வேண்டாமே என்ற நிம்மதிதான் எனக்கு இருந்தது. சந்தோஷமா போய்ட்டு வாம்மா என்று சொல்லி வைத்தேன். எல்லாருக்கும் இடம் அமைந்துவிட்டது என்று மேடத்திடமும் சொன்னேன். அவர் வழக்கமான கேள்வியைக் கேட்டார். பார்த்துட்டேன் மேடம் என்றேன். அவரிடம் நான் சொன்ன முதல் பொய்.

மாட்டுப் பொங்கலன்று காலை ஜெயந்தி எனக்குப் போன் செய்தாள். வாழ்த்துச் சொல்கிற சாக்கில் கூப்பிட்டாள். ஒன்றும் தெரியாதவள் மாதிரி, தேன்மொழி எந்த வீட்டில் இருக்கிறாள், முந்தாநாளிலிருந்து போனே எடுக்கவில்லையே என்றாள். உன்னோடு இல்லையா என்று கேட்டேன். அவள் அழ ஆரம்பித்துவிட்டாள். ஒரகடத்தில் யாரோ ஒரு அக்கா பழக்கமாம். பண்டிகைக்குக் கம்பெனியில் ஆள் பற்றாக்குறை, பெண்கள் தங்குகிற டார்மிட்டரியில் இடம் காலியாக இருக்கிறது, சாப்பாடும் போட்டு ஓ.டி. சம்பளமும் தருகிறார்கள் என்று கூப்பிட்டாளாம். சாரிடம் சொல்லாதே, பாவம் அவர் வீடு வீடாகப் போய்க் கெஞ்சுகிறார் என்று தேன்மொழி சொன்னாளாம்.

ஒரகடம் அன்று வெறிச்சோடிக் கிடந்தது. தென்மாவட்டத்துப் பெண்கள் எல்லாம் ஊருக்குப் போயிருந்தார்கள். ஜெயந்தி சொன்ன டார்மிட்டரியில் காவலுக்கு இருந்த அம்மாள், அந்தப் பேரில் இங்கே யாரும் இல்லை என்று கதவைச் சாத்தப் பார்த்தாள். வெளியே குழாயடியில் துணி அலசிக்கொண்டிருந்த ஒரு பெண், அந்த அம்மாள் உள்ளே போகும்வரை காத்திருந்தாள்.

“நீங்க தேடுத பிள்ளை எதுன்னு தெரியல சார். நேத்து மத்தியானம் பிரஸ் மிஷின்ல ஒரு பிள்ளைக்குக் கை மாட்டிக்கிட்டு. புதுப் பிள்ளை. கனகா ஊருக்குப் போயிருக்கால்லா, அவ கார்டுல வந்த பிள்ளை. மெயின்ரோட்டு நர்சிங் ஹோமுக்குத்தான் கொண்டு போனாவ. நான் சொன்னேன்னு சொல்லிராதீய.”

இன்னொருத்தி அட்டையில் வந்த பிள்ளை. அதற்குமேல் எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. அடிபட்டவள் அட்டையில் இருக்கிற பேரிலேயே படுத்திருக்க வேண்டும். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் போலீஸுக்குத் தகவல் போகும், ஆள்மாறாட்டம் தெரிந்துவிடும். அதனால் சின்ன இடத்திலேயே வைத்துக் கட்டுப்போட்டுக் காலத்தைக் கடத்துவார்கள். இவ்வளவும் தெரிந்துதான் நான் அந்த நர்சிங் ஹோமுக்குள் போனேன்.

சின்னக் கட்டடம். வாசல் பெஞ்சில் ஓர் ஆள் கரும்பைக் கடித்துத் துப்பிக்கொண்டிருந்தான். காண்ட்ராக்டரின் சூப்பர்வைசர் என்று பார்த்த மாத்திரத்தில் தெரிந்தது. உள்ளே ஒரு மேசை, அதை ஒட்டிப் பச்சைத் திரை, திரைக்குப் பின்னால் கட்டில்கள். தேன்மொழி என்று ஒரு பெண் சேர்ந்திருக்கிறாளா என்று மேசையில் இருந்த நர்ஸைக் கேட்டேன்.

“அந்தப் பேர்ல யாரும் இல்ல சார். கை நசுங்கின பொண்ணு ஒண்ணு கீது, கனகான்னு. வூட்டு ஆளுங்க யாரும் இன்னும் வரல. மெட்ராஸ் கொண்டு போணும்னு டாக்டர் சொல்லிட்டாரு, கூடப் போறதுக்கு ஆள் இல்ல. நீங்க இன்னா உறவு?”

எத்தனையோ கல்லூரிகளில் கூசாமல் சித்தப்பா என்று சொன்னவன் நான். பெஞ்சில் இருந்தவன் கரும்பு கடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். உள்ளே இருப்பது அவள்தான் என்றால் என்னென்ன வரும் என்று வரிசையாக ஓடியது. போலீஸ் வரும். பேப்பரில் வரும். உங்கள் பெண் பொங்கலன்று பிரஸ்ஸில் என்ன செய்தாள் என்று கேட்பார்கள். கண்ணால் பார்த்தேன் என்று நான் சொன்னது என்ன ஆகும்? பார்க்காதவரை அது அவள் இல்லை.

“உறவு இல்லம்மா” என்றேன்.

“பரவால்ல சார், ஒரு தபா எட்டிப் பாத்துட்டுப் போங்களேன். பாவம், பொண்ணு அழுதுக்கினே கீது.”

“நான் தேடற பொண்ணு வேறம்மா.”

சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கால் தானாக நடந்தது. சாயங்காலம்வரை ஸ்ரீபெரும்புதூரில் ஒவ்வொரு பெண்கள் விடுதியாக ஏறி இறங்கினேன், அவள் அங்கெல்லாம் இருக்கமாட்டாள் என்று தெரிந்தே.

மறுநாள் காலையில் மேடம் வீட்டுக்குப் போனேன். இரவெல்லாம் எண்ணிப் பார்த்து, சொல்லக்கூடியதை மட்டும் சொன்னேன். அவள் உத்திரமேரூர் போகவில்லை என்பது, டார்மிட்டரி, குழாயடிப் பெண் சொன்னது, நர்சிங் ஹோமில் வேறு பேரில் ஒரு பெண் இருக்கிறாள் என்பது. நர்ஸ் என்னைக் கூப்பிட்டதைச் சொல்லவில்லை. மேடம் கண்ணாடியைக் கழற்றிவைத்துவிட்டுக் கேட்டார்.

“அந்தப் பொண்ண நீங்க கண்ணால பாத்தீங்களா?”

“இல்ல மேடம்.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். வீட்டைப் பூட்டினார். நேராக ஒரகடம் போனோம். நர்சிங் ஹோமில் அன்று வேறொரு நர்ஸ் இருந்தாள். யாருங்க நீங்க என்றதற்கு, “அம்மா” என்று சொல்லிக்கொண்டே மேடம் திரையை விலக்கினார். பொய்யே பிடிக்காது என்ற மனுஷி.

தேன்மொழிதான். முகம் வீங்கியிருந்தது. வலது கை முழுக்கப் பெரிய கட்டு. மேடத்தின் தோளுக்குமேலே என்னைப் பார்த்தாள். பார்வையை உடனே தாழ்த்திக்கொண்டாள். பொய் சொன்னதற்குப் பயப்படுகிறாள் என்று நினைத்தேன். அப்படித்தான் நினைக்க விரும்பினேன்.

சென்னையில் பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போட்டது நான். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போயின. நேற்றே கொண்டு வந்திருந்தால் ஒன்றையாவது காப்பாற்றப் பார்த்திருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. கட்டுப் போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். அந்த ‘நிச்சயமாகச் சொல்ல முடியாது’ என்பதைப் பிடித்துக்கொண்டு பல வருடம் ஓட்டினேன்.

மேடம் காண்ட்ராக்டரை விடவில்லை. புகார், விசாரணை, நஷ்டஈடு எல்லாம் நடந்தது. அடுத்த பொங்கலுக்குக் கல்லூரி நிர்வாகத்தோடு பேசி விடுதியில் ஒரு பகுதியைத் திறந்துவைக்கச் செய்து, தானே அங்கே போய்த் தங்கிச் சமைத்தார். நான் தனியாக நர்சிங் ஹோமுக்குப் போன நாளைப் பற்றி என்னிடம் கடைசிவரை எதுவும் கேட்கவில்லை. இப்போது அவர் இல்லை. நான் அதன் பிறகு யாருக்கும் ஊர் கொடுக்கவில்லை.

தேன்மொழி கட்டை விரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவில் பேனாவை இடுக்கி எழுதப் பழகினாள். ஒரு பேப்பர் அரியர் விழுந்தது, அதையும் எழுதி முடித்தாள். இப்போது ஸ்ரீபெரும்புதூரில் ஒரு லாரி அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறாள். சார்தான் எனக்குக் கையெழுத்துப் போட்டார் என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்வாள். 

புதிதாக வந்திருப்பவர்களே, அந்தத் தண்டலம் மாணவிக்கு என்ன சொல்லித் தேற்றுவது என்று எனக்குத் தெரியாது. போய் அவள் பக்கத்தில் உட்காருங்கள். பொய் சொல்லிக்கொடுத்தது மட்டும் என் தப்பில்லை. அதைத் தேன்மொழி என்னிடமே சொன்னபோது எனக்கு அது வசதியாக இருந்தது பாருங்கள், அங்கே ஆரம்பித்து அந்தத் திரைவரைக்கும் போனது என் தப்பு.

இதை எழுதுவதற்கு முன்னால் தேன்மொழியிடம் சொல்லியாக வேண்டும் என்று போன ஞாயிற்றுக்கிழமை அவள் அறைக்குப் போனேன். கூட இருக்கிற பெண்கள் வெளியே போயிருந்தார்கள். அவள் எனக்கு இட்லி வைத்துக் கொடுத்தாள். தட்டைத் தொடாமல், மாட்டுப் பொங்கலன்றே நான் அங்கே வந்தேன் என்று ஆரம்பித்து, நர்ஸ் கேட்டதையும் நான் சொன்னதையும் அப்படியே சொன்னேன். மேலே பார்க்கத் தைரியம் இல்லை.

“தெரியும் சார்” என்றாள்.

நான் நிமிர்ந்தேன்.

“உங்க கொரல் கேட்டுச்சு. திரைக்கு அந்தாண்ட முதல் கட்டில்தான் எனக்கு. சார் வந்துட்டாருன்னு எழுந்திருக்கப் பாத்தேன். கூப்பிடலாம்னு வாயத் தொறந்தேன். அப்பதான் உறவு இல்லன்னு சொன்னீங்க. சரி, பொய் சொல்லிட்டு வந்தோமில்ல, சார் கை கழுவிட்டாருன்னு வாய மூடிக்கினேன்.”

இத்தனை வருடமாக ஏன் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றேன்.

“மறுநாள் மேடத்தோட வந்து நின்னீங்க. அப்ப கூட பயந்தான் சார். இங்கயும் அதையே சொல்லிடுவாரோன்னு. ஆஸ்பத்திரில நீங்க கையெழுத்துப் போட்டு முடிக்கிற வரைக்கும் உங்க கையத்தான் பாத்துக்கினு இருந்தேன். அதுக்கப்புறம் கேட்டா, நீங்க வராமப் போயிட்டீங்கன்னா? எனக்கு வேற யாரு இருந்தாங்க?”

அவள் அழவில்லை. மன்னித்துவிடும்மா என்று சொல்லக்கூட என்னால் முடியவில்லை. அவளும் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ஆறிப்போன இட்லியை எடுத்துவிட்டு வேறு வைத்தாள். இதையெல்லாம் எழுதப்போகிறேன், உனக்குச் சம்மதமா என்று கேட்டேன். மிச்சமிருந்த விரல்களால் சட்னிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினாள்.

“எழுதுங்க சார். எனக்குக் கேட்டுச்சுன்னும் எழுதுங்க.”

எழுதிவிட்டேன்.